தவிட்டுக்கு வாங்கியவன்

குப்பன் என் கடைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். மே மாதத்து வெயில். கழுத்தில் ஒரு கேமரா, தோளில் இன்னொன்று, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. தன் அம்மா காரியம் முடிந்து எட்டு மாதம் கழித்து வருகிறவன், எப்படி இருக்கீங்க அக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

பிதுக்கட்டுமே. புத்தூரில், ஆஸ்பத்திரிகளுக்கு நடுவில், போட்டோ பிரிண்ட் போடும் கடை வைத்திருக்கிறேன். வருகிற வேலையில் பாதி செத்தவர்கள் வேலை. ஆதார் அட்டையைக் கொண்டுவந்து இதிலிருந்து அப்பாவைப் பெரிதாக்கிக் கொடுங்கள் என்பார்கள். சிலரிடம் அதுகூட இருக்காது. ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கும்போது மொபைலில் எடுத்ததைத்தான் நீட்டுவார்கள். மூடின கண்ணைக் கம்ப்யூட்டரில் நான் திறந்துவைக்க வேண்டும். மகன் கண்ணையோ தம்பி கண்ணையோ எடுத்துப் பொருத்தி, ஓரத்தில் கொஞ்சம் சுருக்கம் சேர்த்து, வெளிச்சத்தைச் சரிக்கட்டினால் பெரியவர் உங்களைப் பார்ப்பார். இருபத்தாறு வருஷமாக இதைச் செய்கிறேன். கண் திறக்கணுமா, பிரேமலதா அக்கா கடைக்குப் போங்க என்று ஆஸ்பத்திரி வாசல் ஆட்டோக்காரர்களே வழி சொல்வார்கள்.

குப்பன் ஒரு விசிட்டிங் கார்டை மேசைமேல் வைத்தான். அதில் அன்புச்செல்வன் என்று அச்சடித்திருந்தது. கீழே இங்கிலீஷில், பெரிய கலைஞர் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற மாதிரி ஏதோ ஒன்று.

"யாருடா இது?" என்றேன்.

"நான்தான்க்கா. இனிமே அந்தப் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையில் பிரிண்டரைப் பார்த்துக்கொள்ளும் தஸ்லிமாவும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

அவனுக்குக் குப்பன் என்று பெயர் வைத்த அன்று நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நாங்கள் அங்கே குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவன் அப்பா வெள்ளைச்சாமி காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டியில் வேலை பார்த்தார். அம்மா மயிலம்மாள். அவர்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்து தவறிவிட்டது என்று மட்டும் தெரியும். அதன் பெயரைக்கூட யாரும் சொல்லமாட்டார்கள். சுவரில் ஒரு படம் கிடையாது. ஆகவே இவன் பிறந்ததும், பிள்ளை தங்காத வீட்டில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் இழுத்து, மூக்குக் குத்தி, குப்பன் என்று பெயர் வைத்து, எங்கள் அம்மா வீரம்மாளிடம் விற்றுவிட்டார்கள். விலை ஒரு படி தவிடு. அம்மா தவிட்டை மயிலம்மாள் மடியில் கொட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். எனக்குப் பதினோரு வயது.

அன்று முதல் அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. மயிலம்மாள் சும்மா பால் கொடுத்து வளர்க்கிறாள், அவ்வளவுதான். ஒன்றுக்கும் ஆகாதது, அதுவும் அடுத்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால், கொண்டுபோக வருவது திரும்பிப் போய்விடும் என்று நம்பிக்கை.

இந்தக் கூத்தையெல்லாம் நான் அந்த வயதிலேயே நம்பவில்லை. மயிலம்மாள் சாகிறவரை நம்பினாள். அவனை அழகு என்று யாரும் சொல்லக்கூடாது. கெட்டிக்காரன் என்று சொல்லக்கூடாது. போட்டோ எடுக்கவே கூடாது. ஸ்கூலில் குரூப் போட்டோ எடுக்கிற நாளில் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே உட்காரவைத்துவிடுவாள். தினமும் உச்சிவேளையில் கொல்லைக்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஆளே இல்லாத கொல்லையைப் பார்த்து ஒரே பேச்சைப் பேசுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே நான் கேட்டிருக்கிறேன்.

"இங்க என் புள்ள யாரும் இல்ல. இருக்கிறது வீரம்மா வீட்டுக் குப்பை. போயிடு கண்ணு."

பெற்ற பிள்ளைக்குக் குப்பை, காலிக் கொல்லைக்குக் கண்ணு. கிறுக்குப் பிடித்த பொம்பளை என்று நினைத்துக்கொண்டு மிச்சச் சோற்றைத் தின்பேன்.

போன புரட்டாசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய ட்ரங்குப் பெட்டியின் அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, குப்புறக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு போட்டோவைத்தான் குப்பன் இப்போது என் முன்னால் எடுத்து வைத்தான். துணியைப் பிரித்தபோது பொலபொலவென்று ஏதோ தூள் கொட்டியதாம். பூச்சி அரித்திருக்கும் என்றான்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம். உயர்ந்த முதுகு வைத்த நாற்காலியில் ஐந்து வயதுப் பையன். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை, நெற்றியில் பொட்டு, முகவாய்வரை ஏறின பூமாலை. இரண்டு கையும் மடியில். பின்பக்கம் மையால் எழுதியிருந்தது: அன்புச்செல்வன், வயது 5.

"இதான்க்கா நான்," என்றான். அதுவரை இருந்த மிதப்பு அவன் குரலில் இல்லை. "எனக்குச் சின்ன வயசுப் படமே கெடையாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அம்மா என்னை ஒரு நாள் ஜோடிச்சு ஸ்டூடியோவுக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. இவ்வளவு அழகா ஒரு பேரு வச்சிருக்காங்க. அதை எல்லாரும் சேந்து மறைச்சிட்டீங்க."

அப்புறம் திட்டத்தைச் சொன்னான். அம்மா இருந்த அந்த ஸ்ரீரங்கத்து வீட்டிலேயே ஒரு கண்காட்சி. தலைப்பு "வீடு திரும்புதல்". இந்தப் படத்தை ஆறடி உயரத்துக்குக் கேன்வாசில் போட்டு நடுக்கூடத்தில் வைப்பான். சமையல்கட்டு, முற்றம், கொல்லை என்று ஒவ்வொரு மூலையிலும் அதே மாதிரி நாற்காலியில், அதே மாதிரி கை வைத்து, இந்த வயதில் தன்னைத் தானே எடுத்துக்கொள்வான். நினைவு, அடையாளம், இழந்த குழந்தைமை என்று அரைமணி நேரம் பேசினான். பெற்றவள் கடைசிக் காலத்தில் படுத்துக் கிடந்தபோது ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி நாலு தடவை வந்து பார்க்காதவனுக்கு, செத்த பிறகு வீடு பெரிய கலையாகிவிட்டது. மனசுக்குள் காறித் துப்பிவிட்டு, படத்தை ஸ்கேன் செய்யப் போட்டேன்.

திரையில் பெரிதாக்கினேன்.

முதலில் மூக்கு. குப்பன் மூக்கில் இன்றைக்கும் மிளகு அளவுக்குத் தழும்பு உண்டு. பிறந்த பத்தாம் நாள் குத்தினது. இந்தப் பிள்ளை மூக்கில் ஒன்றும் இல்லை.

அப்புறம் கை. இன்னும் பெரிதாக்கினேன். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து, விரல் அகலம்கூட இல்லாத ஒரு வெள்ளைத் துணிக் கிழிசல் சுற்றிக் கட்டியிருந்தது. மாலைக்குப் பின்னால், தாடையிலிருந்து காதை ஒட்டி மேலே போகிற இன்னொரு துணியின் ஓரம்.

கண்ணுக்கு வந்தேன். என் தொழில் அது, எனக்கா தெரியாது? மூடின இமைமேல் மெல்லிய பிரஷ்ஷால் யாரோ கண் வரைந்திருந்தார்கள்.

உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுக்காத பிள்ளையை, எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். நாற்காலிக்கு முதுகு உயரமாக இருந்த காரணமும் எனக்குப் புரிந்தது.

குப்பனிடம் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "இது நீ இல்லடா. இது உனக்கு முன்னால பொறந்து செத்த புள்ள. கட்டைவிரலைக் கட்டியிருக்கு பாரு. கண்ணு வரைஞ்சது."

திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க பொணத்துக்குக் கண்ணு தொறக்கிறவங்க அக்கா. உங்களுக்கு எல்லாமே பொணமாத்தான் தெரியும்," என்றான். பிறகு, கடைக்காரியிடம் பேசுகிற தோரணையில், கண் மட்டும் பொம்மைக்கண் மாதிரி இருக்கிறது, உயிரோட்டமாகத் திருத்திக் கொடுங்கள் என்றான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தவறு அங்கேதான் செய்தேன். அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, நேராகப் பார்க்கச் சொல்லி, ஒரு படம் எடுத்தேன். நீதானே இது, உன் கண்ணே இருக்கட்டும் என்று அவன் கண் இரண்டையும் எடுத்து அந்தப் பிள்ளை முகத்தில் வைத்தேன். கூடப்பிறந்தவன் கண் பொருந்துகிற மாதிரி வேறு எதுவும் பொருந்தாது. பத்தே நிமிஷ வேலை. ஐந்து வயது முகத்தில் நாற்பத்தைந்து வயதுக் கண் வந்து உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது. எடுத்துக்கொண்டு போய்த் தொலை என்று பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவன் தன்னை எடுத்துக்கொண்ட படங்களை அனுப்பினான். பன்னிரண்டு படம். அத்தனையிலும் அவன் கண் மூடியிருந்தது.

போனில் கத்தினான். ஒவ்வொரு தடவையும் லென்ஸை நேராகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தானாம். ஐந்து தடவை, ஆறு தடவை திரும்பத் திரும்ப எடுத்தானாம். கேமராவில் கோளாறு, நீங்களே திறந்துவிடுங்கள் என்றான். பெரிய கலைஞனுக்குக் கண் சிமிட்டாமல் உட்காரத் தெரியவில்லை என்று தஸ்லிமாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன். முதல் படத்தைத் திறந்தேன். அன்றைக்கு ஸ்டூலில் எடுத்த படத்திலிருந்து கண்ணை எடுத்துப் பொருத்தலாம் என்று அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன்.

அதிலும் கண் மூடியிருந்தது.

நானே எடுத்த படம். நானே கண்ணை வெட்டி எடுத்த படம்.

தஸ்லிமா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். சமையல்கட்டுப் படத்தில் அவன் மடியைப் பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கினேன். அவன் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மற்ற பதினொன்றையும் பார்த்தோம். எல்லாவற்றிலும் இருந்தது.

"அக்கா, இவர் உயிரோடதானே இருக்காரு?" என்றாள் தஸ்லிமா.

உடனே அவனுக்குப் போன் போட்டேன். விரலில் என்னடா கட்டியிருக்கிறாய் என்று கேட்டேன். ஒன்றும் கட்டவில்லை என்றான். அந்தக் கேன்வாசைக் கிழித்து எரித்துவிடு, பழைய படத்தை எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வை என்றேன். உங்களுக்குப் பொறாமை என்றான். எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் அவன் மேலே வருவது பிடிக்கவில்லையாம், பிறந்த நாளிலிருந்தே அவனைக் குப்பையாகவே வைத்திருக்கப் பார்த்தோமாம். ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா, வந்தால் வாருங்கள் என்று வைத்துவிட்டான்.

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்துக்கே புடவையை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன்.

வீடு முழுக்கச் சென்னை, பெங்களூர் ஜனம். கசங்கின கைத்தறிப் புடவையும் வெறுங்காலுமாகச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். மயிலம்மாள் தேய்த்துத் தேய்த்துக் கழுவின அம்மிக்குப் பக்கத்தில் ஒருத்தன் குந்தி உட்கார்ந்து அதையும் படம் எடுத்தான். ஏற்பாட்டைக் கவனித்த ரஞ்சனி என்கிற பெண் என்னைப் பார்த்து, நீங்கள் இந்த வீட்டு வேலைக்காரம்மாவா என்று அன்பாகக் கேட்டாள். ஆமாம், இப்போது வேலை செய்யத்தான் வந்தேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

நடுக்கூடத்தில் அது நின்றது. ஆறடி. என் கடையிலிருந்து போனதுதான், ஆனால் இந்த அளவில் நான் அதை நிமிர்த்திப் பார்த்திருக்கவில்லை. முற்றத்து வெயில் நேராக அதன் முகத்தில் விழுந்தது. கண் இரண்டும் ஈரமாகப் பளபளத்தன. நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவை அந்தப் பக்கம் வரும்; நேராகப் பார்க்கிற எல்லாப் படமும் அப்படித்தான், அது எனக்குத் தெரியும். தெரியாதது, நான் நகராமல் நின்றபோதும் அவை நகர்ந்தன. கூடத்தைக் கடந்து, தூணுக்குப் பக்கத்தில் நின்ற குப்பன்மேல் போய் நின்றன.

கூடத்தில் பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாடை. வாடின ரோஜாவும் ஊதுவத்தியும்.

சரியாகப் பன்னிரண்டுக்குக் குப்பன் பேச ஆரம்பித்தான். கூட்டம் அடங்கிற்று. அவன் கொல்லைக்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"எங்கம்மா தினமும் இந்த நேரத்துல இந்தக் கதவைத் தொறந்துவச்சுக்கிட்டு, என் புள்ள இங்க இல்லன்னு சொல்வாங்க. நான் பின்னாடி உட்காந்து கேட்டுக்கிட்டிருப்பேன். எனக்கு அஞ்சு வயசு, ஆறு வயசு. நான் உயிரோட இருக்கும்போதே என்னை இல்லன்னு சொன்னாங்க." அவன் குரல் உடைந்தது. நடிப்பில்லை. "இன்னைக்கு நான் பதில் சொல்றேன்."

அப்போதுதான் எனக்கு அவன்மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது. அட மடையா, உன்னை இல்லை என்று சொல்லியா அவள் கதவடியில் நின்றாள். வந்து நிற்கிறவனிடமிருந்து உன்னை மறைக்க நின்றாள். இரண்டு பிள்ளையில் ஒன்றைக் கண்ணே என்று கொஞ்சித் துரத்தி, ஒன்றைக் குப்பை என்று திட்டிக் காப்பாற்றி, நாற்பத்தைந்து வருஷம் நின்றாள். இதைக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொல்வதற்குள் அவன் கதவைத் திறந்துவிட்டான்.

"குப்பன் இங்க இல்ல. நான் இந்த வீட்டுப் புள்ள. அன்புச்செல்வன். வந்திருக்கேன்."

கொல்லையில் வெயில் மட்டும் இருந்தது.

அவன் திரும்பி வந்து படத்துக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் மடியில் வைத்தான். கண்ணை மூடினான். எல்லோரும் கை தட்டினார்கள். போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள்.

கைதட்டல் ஓய்ந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று ஜனம் பயபக்தியாக நின்றது. ரஞ்சனி உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டுக் கிட்டே போனேன். அவன் கட்டைவிரல் இரண்டும் சேர்ந்திருந்தன. அவற்றைச் சுற்றி, பழுப்பேறின ஒரு வெள்ளைக் கிழிசல். கன்னத்தைத் தொட்டேன்.

மே மாதம். உச்சிவெயில். கன்னம் ஐஸ் பெட்டியில் வைத்தது மாதிரி இருந்தது.

மூச்சு இருந்ததா என்று கேட்காதீர்கள். மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் ஓடினேன். சந்து முனையில் ஒரு மாட்டுத்தீவனக் கடை உண்டு. ஒரு படி தவிடு என்றேன். ஐம்பத்தாறு வயதுப் பொம்பளை வெறுங்காலோடு ஓடி வந்து தவிடு கேட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. முந்தானையில் கொட்டச் சொல்லிக் கட்டிக்கொண்டு திரும்ப ஓடினேன்.

விற்க மயிலம்மாள் இல்லை, வாங்க எங்கள் அம்மாவும் இல்லை. நான்தான் இருந்தேன். எதிர்ப்பக்கம் அது இருந்தது. ஆறடிப் படத்தின் காலடியில் தவிடு முழுவதையும் கொட்டினேன்.

"இந்தா உன் தவிடு," என்றேன். "இது எங்க வீட்டுக் குப்பை. எங்க அம்மா வாங்கினது, இப்ப நான் வாங்கிக்கிறேன். இது உன் வீட்டுப் புள்ள இல்ல. பேரு உன்னோடது, இவன் திருடினான். கண்ணு இவனோடது, நான் திருடினேன்."

அப்புறம் குப்பன் பக்கம் திரும்பித் திட்டினேன். பெற்றவளுக்குக் கஞ்சி ஊற்றாத பயலே, செத்த பிள்ளையின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிற வெட்கங்கெட்டவனே, தவிட்டுக்கும் பெறாத குப்பையே என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். எனக்கு அதற்குச் சிரமமே இருக்கவில்லை. வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். கூட்டம் மறுபடி கை தட்டியது.

நாற்காலியில் இருந்தவன் அசையவில்லை.

கண் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதைத் திருப்பி வாங்காமல் ஆகாது என்று எனக்குப் பட்டது. எக்கிக் கையை நீட்டி, என் உள்ளங்கையைப் படத்தின் கண்மேல் வைத்தேன். போனவர்களுக்கு மூடிவிடுகிற மாதிரி மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தேன்.

கேன்வாஸ் சூடாக இருந்தது.

என் கைக்கடியில் இமை மயிர் குறுகுறுத்தது.

"போயிடு கண்ணு," என்றேன். மயிலம்மாள் குரலில்தான் எனக்கு அது வந்தது. கையை எடுத்தபோது படத்தில் கண் இல்லை. மூடின இமை இரண்டு, குழந்தைக்கு உரிய இமை. பின்னால் குப்பன் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குகிறவன் மாதிரி மூச்சை இழுத்தான். அவன் விரலில் கட்டு இல்லை.

ரஞ்சனி கண்ணீர் மல்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை. தரையில் கொட்டின தவிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு சின்னக் காலடி பதிந்திருந்தது. நடந்து போன தடம் இல்லை. இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில், பெருவிரல் இரண்டும் ஒட்டி. அடுத்த தடம் அரையடி தள்ளி, அதே மாதிரி. கால் கட்டினவன் எப்படிப் போவான்? குதித்துக் குதித்துத்தான் போக வேண்டும். தடம் கொல்லைப்பக்கம் போயிருந்தது.

அன்றைக்கே கேன்வாசையும் பழைய படத்தையும் காவிரியில் விட்டோம். என்ன நடந்தது என்று ஒரே ஒரு தடவைதான் குப்பன் சொன்னான். கண்ணை மூடினதும் ஒரு சின்னப் பையன் மடியில் ஏறி உட்கார்ந்தானாம். கனமே இல்லையாம். அம்மா எங்கே என்று கேட்டானாம். செத்துவிட்டாள் என்று சொல்ல மனசு வராமல், தெரியாது என்றிருக்கிறான்.

அதற்கப்புறம் அவன் கேமராவைத் தொடவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு என் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்துகொண்டான். கார்டையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன். காலையில் வந்ததும் வாடா குப்பை என்பேன், சாயங்காலம் தொலைந்து போ என்பேன். தினமும் காலையில் கடையின் பின்படியில் ஒரு கை தவிட்டைத் தூவி வைத்து, உச்சிவேளையில் பின்கதவைத் திறந்து, என் புள்ள யாரும் இங்க இல்ல, இருக்கிறது குப்பை, போயிடு கண்ணு என்று சொல்கிறேன். நம்பிக்கை இல்லாதவள் சொல்கிற மந்திரம். சில நாள் தவிட்டில் ஒன்றும் இருக்காது. சில நாள் வெளிப்படியில் இரண்டு சின்னப் பாதம், ஒட்டியபடி, உள்ளே பார்த்து இருக்கும். விளக்குமாற்றால் கூட்டித் தள்ளிவிடுவேன்.

நேற்று ஒரு சின்ன வயசுப் புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். மூன்று வயதுப் பெண் குழந்தை, ஆஸ்பத்திரியில் போய்விட்டது. கண் மூடின படம் ஒன்றுதான் நன்றாக இருந்தது. நான் கையை வைக்கப் போனேன். குப்பன் என்னைத் தடுத்துவிட்டு அவர்களிடம் பேசினான். கண்ணைத் திறக்க வேண்டாம் அம்மா, தூங்குகிற மாதிரியே இருக்கட்டும் என்றான். முகத்தில் இருந்த பிளாஸ்திரித் தடத்தை மட்டும் எடுத்து, தலைமுடியைக் காற்றில் கொஞ்சம் கலைத்துவிட்டு, காலைவெயில் மாதிரி ஒரு வெளிச்சம் வைத்தான். அந்தத் தாய் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். போகும்போது அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

இருபத்தாறு வருஷத்தில் நான் அப்படி ஒரு படம் செய்ததில்லை. என் நாக்கு எனக்கு அடங்கவில்லை.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கடா, என் ராசா," என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காது வரைக்கும் சிவந்துவிட்டது. பிறந்து நாற்பத்தைந்து வருஷத்தில் அவனிடம் ஒருவர்கூட அதைச் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. பின்கதவுக்கு ஓடினேன்.

கதவு திறந்திருந்தது. படியில் நான் காலையில் தூவி வைத்த தவிடு கலைந்திருந்தது. வெளிப்படியில் தடம் இல்லை. நிலைப்படிக்கு உள்ளே, சிமெண்ட் தரையில், தவிட்டுத் துகளோடு இரண்டு பாதம், ஒட்டியபடி. அரையடி தள்ளி இன்னும் இரண்டு. பிரிண்டரைத் தாண்டி இன்னும் இரண்டு. கடைசி இரண்டும் குப்பனுடைய நாற்காலிக்கு முன்னால் முடிந்திருந்தன.

தஸ்லிமா தடத்தைப் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். நான் வாயைத் திறந்தேன். திட்ட வேண்டும், குப்பை என்று சொல்ல வேண்டும், எனக்கு வார்த்தையா பஞ்சம். ஒன்றும் வரவில்லை. குப்பன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா," என்றான்.

கண்ணை மூடியபடியே கேட்டான்.